மாதிரி வீட்டில் அறை அளவு எங்கே பிசகுகிறது: அறிகுறியைப் பார்த்துத் திருத்தும் முறை

அட்டையில் சிறிதாகக் கட்டும் மாதிரி வீட்டில் அறை அளவு பிசகாமல் இருக்க, கணக்கெல்லாம் ஒரே வீட்டை வைத்துப் போட்டால்தான் பிடிபடும். வட சென்னையின் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை சந்துகளில் பார்க்கிற மாதிரி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அகலம் 12 அடி, நீளம் 40 அடி. இரண்டு பக்கமும் அடுத்த வீடு ஒட்டியிருக்கிறது, வெளிச்சம் முன்னும் பின்னும் முற்றத்திலும் மட்டும்தான். வெளிச்சுவர் 9 இஞ்ச், உள்சுவர் நாலரை இஞ்ச். மாதிரியின் விகிதம் 1:24. இந்த விகிதத்தில் ஓர் அடி அரை இஞ்ச் ஆகும், அதாவது 12.7 மி.மீ. வீட்டின் ஓர் இஞ்ச், மாதிரியில் ஒரு மில்லிமீட்டரை விடக் கொஞ்சம் கூட (1.06). மனக்கணக்குக்கு இதைவிட வசதியான விகிதம் 1:12 ஒன்றுதான், ஆனால் அதில் இந்த வீடு 40 இஞ்ச் நீளம் வரும். அந்தத் தொல்லை கடைசியில் வருகிறது.

வேலையைத் தொடங்கும் முன் மவுண்ட் போர்டில் (தடித்த காகித அட்டை) சில துண்டுகளை வெட்டி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். 70 மி.மீ. உயரம், 20 மி.மீ. அகலத்தில் ஓர் ஆள் (ஐந்தரை அடி உயரம்). 63.5 × 82.5 மி.மீ. ஒரு துண்டு, இது 5 × ஆறரை அடி கட்டில். 38 × 20 மி.மீ. ஒரு துண்டு, இது இரும்பு பீரோ. 25 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டம், தண்ணீர் பிடிக்கும் 200 லிட்டர் டிரம். கீழே சொல்லும் பாதிக் கோளாறுகளை இந்த நாலு துண்டுகளே காட்டிக்கொடுத்துவிடும்.

அறிகுறி: அறைகளின் அளவைக் கூட்டினால் சரி, கட்டிப் பார்த்தால் கடைசி அறை நசுங்கிப்போகிறது

மிக அதிகமாக வரும் கோளாறு இதுதான். வரைபடத்தில் 40 அடியை அறைகளுக்கு மட்டுமே பங்கு போட்டிருப்பார்கள், சுவருக்கு யாரும் இடம் விட்டிருக்க மாட்டார்கள்.

நம் வீட்டில் முன்னிருந்து பின்னாக ஹால் 12 அடி, படுக்கை அறை 10, முற்றம் 4, சமையலறை 7, குளியலறை 4. கூட்டினால் 37 அடி. மீதி 3 அடி எங்கே என்றால், முன்சுவரும் பின்சுவரும் சேர்ந்து 18 இஞ்ச், நடுவே நாலு உள்சுவர் சேர்ந்து 18 இஞ்ச். ஆக 36 இஞ்ச், சரியாக 3 அடி. கொத்தனார்கள் ‘உள்கூடு’ என்று சொல்வது சுவருக்கும் சுவருக்கும் நடுவே நிற்கிற இந்த இடத்தைத்தான். அறைக்கு எழுதுகிற அளவு எப்போதும் உள்கூடாகவே இருக்கட்டும். சில வரைபடங்களில் சுவரின் மையக்கோட்டிலிருந்து மையக்கோட்டுக்கு அளவு போட்டிருப்பார்கள். அதை உள்கூடு என்று நினைத்து வெட்டினால் இரண்டு உள்சுவருக்கு நடுவே உள்ள அறை ஒவ்வொன்றும் நாலரை இஞ்ச் பெரிதாகி, மொத்த வீடும் நீண்டுவிடும்.

அடுத்தது அட்டையின் தடிமன். 1:24 விகிதத்தில் 9 இஞ்ச் சுவர் 9.5 மி.மீ., நாலரை இஞ்ச் சுவர் 4.8 மி.மீ. கையில் கிடைப்பது 5 மி.மீ. ஃபோம் போர்டு (நடுவே நுரை வைத்த அட்டை). உள்சுவருக்கு ஒன்று, வெளிச்சுவருக்கு இரண்டை ஒட்டி 10 மி.மீ. ஆக்கிக்கொள்ளலாம். இதனால் நீளத்தில் மொத்தம் 2 மி.மீ. கூடும்: 508 வரவேண்டியது ஏறக்குறைய 510 ஆகும். அதை வெளிப்பக்கம் வளர விட்டுவிடுங்கள். அறைக்குள் அந்த 2 மி.மீ.யைக் கழிக்கவே கூடாது. வெளியே 2 மி.மீ. யார் கண்ணுக்கும் தெரியாது, குளியலறைக்குள் தெரியும்.

விகிதம் மாறினால் அட்டையும் மாறும். 1:50க்கு வெளிச்சுவர் 5 மி.மீ. ஃபோம் போர்டு, உள்சுவர் 2 மி.மீ. மவுண்ட் போர்டு. 1:12க்கு வெளிச்சுவர் 19 மி.மீ. பிளைவுட். 1:12இல் வெறும் 5 மி.மீ. அட்டையை நிறுத்தினால் அது இரண்டரை இஞ்ச்கூட இல்லாத சுவர். அறை அளவு சரியாகவே இருந்தாலும் ஜன்னல் ஓரத்தில் சுவரின் கனம் தெரியாததால் வீடு காகிதப் பெட்டி போலத் தோன்றும்.

அறிகுறி: ஓர் அறை மட்டும் அரை அடி, முக்கால் அடி குறைகிறது

அட்டையைத் தொடும் முன் எழுதிய எண்ணைப் பாருங்கள். 10 அடி 6 இஞ்சை 10.6 என்று எழுதிக் கால்குலேட்டரில் போட்டால் 10 அடி 7 இஞ்ச் வரும், தப்பு சின்னது என்பதால் கவனிக்கப்படாமல் போய்விடும். அதே பழக்கத்தில் 10 அடி 10 இஞ்சை 10.10 என்று போட்டால் கருவி அதை 10.1 அடியாக எடுத்துக்கொள்ளும். 10 அடி 1 இஞ்ச் மட்டும் மிஞ்சும், 9 இஞ்ச் காணாமல் போகும். முழுவதையும் இஞ்சாக்கி (130 இஞ்ச்) அதன் பிறகு விகிதத்தால் வகுத்தால் இந்தத் தப்பு வராது.

எல்லா அறையும் ஒரே விகிதத்தில் குறைந்தால் பழி அச்சுக்குத்தான் போகும். ஜெராக்ஸ் கடையில் ‘தாளுக்குப் பொருத்து’ என்ற இடத்தில் டிக் விழுந்திருந்தால் படம் சில சதவீதம் சுருங்கும். ஏ3 தாளுக்குப் போட்ட படத்தை ஏ4இல் எடுத்தால் 71 சதவீதம்தான் வரும். வரைபடத்தின் மூலையில் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு வைத்து, அச்சு வந்ததும் இரும்பு ஸ்கேலால் அதை அளந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். நம் வீட்டின் 508 மி.மீ. நீளம் ஏ3இல் அடங்காது, ஏ2 வேண்டும். இரண்டு ஏ3ஐ ஒட்டிச் சேர்ப்பவர்கள் ஒட்டிய பிறகு முழு நீளத்தையும் ஒருமுறை அளக்க வேண்டும்.

இன்னொன்று, 1:48ஐயும் 1:50ஐயும் ஒன்றாக நினைப்பது. 40 அடி முன்னதில் 254 மி.மீ., பின்னதில் 244. படம் ஒன்றிலும் ஜன்னல், கதவு மற்றதிலும் இருந்தால் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது.

அறிகுறி: கட்டில் போட்டதும் கதவு திறக்க இடமில்லை

படுக்கை அறையைத் தாண்டி முற்றத்துக்குப் போக வழி வேண்டும். அந்த அறையின் ஓரமாக 3 அடியில் ஒரு நடை விட்டால் என்ன ஆகிறது பாருங்கள். வீட்டின் உள்அகலம் 126 இஞ்ச் (12 அடியில் இரண்டு 9 இஞ்ச் சுவரைக் கழித்தது). அதில் நடை 36, நடைச் சுவர் நாலரை போனால் அறைக்கு மிஞ்சுவது 85.5 இஞ்ச், அதாவது 7 அடி ஒன்றரை இஞ்ச். ‘பத்துக்குப் பத்து ரூம்’ என்று வாயில் சொன்னது பத்துக்கு ஏழாகிவிட்டது. நடையை மறந்து வரைந்துவிட்டு அப்புறம் செருகுவதுதான் இதற்குக் காரணம்.

அட்டைக் கட்டிலை உள்ளே வைத்துப் பாருங்கள். நீளவாட்டில் போட்டால் பக்கத்தில் 2 அடிதான் மிஞ்சும். ஆள் துண்டு நிற்கும், ஆனால் அந்தப் பக்கம் கதவு திறக்காது. கட்டிலை அறையின் குறுக்கே திருப்புங்கள். ஆறரை அடிக் கட்டில் 7 அடி ஒன்றரை இஞ்சில் அடங்கி, காலடியில் ஏழரை இஞ்ச் மிஞ்சும். அறை நீளத்தில் 5 அடி போய் இன்னொரு 5 அடி காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தில் நடைச் சுவரில் 3 அடிக் கதவு, எதிர்ச் சுவரில் பீரோ. காம்பஸில் 38 மி.மீ. எடுத்துக் கதவின் வீச்சைத் தரையிலேயே கோடாகப் போடுங்கள். அந்த வளைவுக்குள் எதுவும் வரக்கூடாது. பீரோவுக்கு முன்னால் ஆள் துண்டு நிற்க 2 அடி வேண்டும், அதன் கதவும் அந்த இடத்துக்குள்தான் திறக்கும். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்காவிட்டால் பரவாயில்லை, அசல் வீடுகளிலும் அப்படித்தான் இருக்கிறது.

பழைய வீட்டை அப்படியே மாதிரியாக்குவதானால் இத்தோடு விடலாம். கல்லூரியில் புதுக் கட்டடமாகக் காட்டப் போகிறீர்கள் என்றால் விடமுடியாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு முதல் அறைக்கு 9.5 சதுர மீட்டர் பரப்பும் 2.4 மீட்டர் அகலமும், அடுத்த அறைக்கு 7.5 சதுர மீட்டர் பரப்பும் 2.1 மீட்டர் அகலமும் குறைந்த அளவாகச் சொல்கிறது. நம் படுக்கை அறை 2.17 மீட்டர் அகலம் என்பதால் அகலத்தில் தேறுகிறது, பரப்பில் 6.6தான், தேறவில்லை. நீளத்தை 11 அடி 4 இஞ்ச் ஆக்கினால் 7.5 கிடைக்கும். அந்த 1 அடி 4 இஞ்சை ஹாலிலிருந்து எடுங்கள். ஹால் 10 அடி 8 இஞ்ச் நீளம், 10 அடி 6 இஞ்ச் அகலம், 10.4 சதுர மீட்டரில் நிற்கும்.

அறிகுறி: மரச்சாமான் வைத்ததும் அறை குட்டியாகவோ மைதானமாகவோ தெரிகிறது

சாமானின் விகிதம் வேறு. பார்பி பொம்மையின் சாமான்கள் 1:6 அளவில் இருக்கும், ‘டால் ஹவுஸ்’ என்று விற்கும் நாற்காலி மேசைகள் பெரும்பாலும் 1:12. 1:24 வீட்டில் 1:12 நாற்காலி போட்டால் இரண்டு மடங்கு. கடையில் நிற்கும்போதே நாற்காலியின் உட்காரும் பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். நிஜத்தில் அது 18 இஞ்ச் இருக்கும். மாதிரியில் 1:12க்கு 38 மி.மீ., 1:24க்கு 19, 1:50க்கு 9. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பவேண்டிய அவசியமே இல்லை.

தரையும் கண்ணை ஏமாற்றும். 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் 1:24இல் சரியாக ஓர் இஞ்ச் கட்டமாக வரும். இணையத்திலிருந்து எடுத்த டைல்ஸ் படத்தை அளக்காமல் அச்சிட்டு, கட்டம் 15 மி.மீ. ஆகிப்போனால் அறை பெரிதாகத் தோன்றும். பழைய வீட்டின் சிவப்பு ஆக்சைடு தரையில் கட்டமே கிடையாது. அளவைச் சொல்ல ஒன்றுமில்லாத தரை என்பதால் அங்கே ஒரு பாயாவது குடமாவது வைத்தாக வேண்டும்.

அறிகுறி: அறை கிணறு மாதிரி இருக்கிறது

அகலம் 7 அடி, உயரம் 11 அடி என்றால் கிணறுதான். மெட்ராஸ் டெரஸ் கூரை (மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கியது) போட்ட வீடுகளில் உயரம் அதிகம் என்பதால் இந்த வட்டாரத்து வீட்டை மாதிரியாக்கும்போது இது வந்தே தீரும். உயரத்தைக் குறைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். செய்யாதீர்கள், கதவுக்கு மேலே இருக்கும் அந்த வெற்றுச் சுவர்தான் அது பழைய வீடு என்று சொல்வது. அதை உடைத்துக் காட்டப் பாருங்கள். 7 அடியில் (89 மி.மீ.) லின்டல் மட்டம் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் உத்திரம்), அதே மட்டத்தில் ஒரு பரண், பரண்மேல் இரண்டு டிரங்குப் பெட்டி. கூரையில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக, அதாவது 19 மி.மீ.க்கு ஒன்றாக, குறுகிய பக்கம் பார்த்து மரக்கட்டைகள். இவ்வளவு வந்ததும் கண் படிப்படியாக மேலே ஏறும், கிணறு மறையும்.

கான்கிரீட் கூரை போட்ட வீடானால் 10 அடி போதும். விதித்தொகுப்பின் குறைந்தபட்சம் 2.75 மீட்டர், 9 அடிக்குச் சற்று மேல். மாதிரியில் 115 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள்.

அறிகுறி: மாடிப்படி கூரையில் முட்டுகிறது, அல்லது இறங்க இடமில்லை

அறைகளை முடித்துவிட்டு மிச்ச இடத்தில் படியைச் செருகினால் ஒருபோதும் அடங்காது. படிக்கணக்கு முதலில், அறை அதற்குப் பின்.

கூரை உயரம் 10 அடி, ஸ்லாப் 5 இஞ்ச், ஆக ஏற வேண்டியது 125 இஞ்ச். படி உயரம் 7 இஞ்ச் என்றால் 18 படி வரும். 18 முறை ஏறினால் மிதிப்பலகை 17, ஏனென்றால் கடைசி ஏற்றம் மாடித் தரையிலேயே போய் முடிகிறது. பலகை 10 இஞ்ச் என்றால் 170 இஞ்ச், 14 அடி 2 இஞ்ச் நேர்நீளம். இந்த ஒன்றைக் கழிக்க மறப்பதால்தான் பலருக்குப் படி நீண்டுவிடுகிறது.

14 அடி நேர்ப்படிக்கு வீட்டின் அகலத்தில் இடமில்லை, நீளத்தில் நடையில்தான் போடலாம். போட்டால் நடை அடைபடும். முற்றத்தில் திருப்பிப் போடுவதுதான் வழி. பழைய வீடுகளின் செங்குத்தான படியை எடுத்துக்கொள்வோம்: 16 ஏற்றம், ஒவ்வொன்றும் 7.8 இஞ்ச், பலகை 9 இஞ்ச், அகலம் இரண்டரை அடி. எட்டு ஏறி, திரும்பி, மறுபடி எட்டு. ஒரு பக்கத்துக்கு 7 பலகை, 5 அடி 3 இஞ்ச், திரும்பும் மேடை இரண்டரை அடி, மொத்தம் 7 அடி 9 இஞ்ச். இரண்டு வரிசையும் நடுவே 3 இஞ்ச் சந்தும் சேர்ந்து அகலம் 5 அடி 3 இஞ்ச். முற்றத்தின் குறுக்கே போட்டால் 10 அடி 6 இஞ்சில் 7 அடி 9 போக, நடக்க 2 அடி 9 இஞ்ச் மிஞ்சும்.

முற்றம் 4 அடிதானே இருக்கிறது? இன்னும் 1 அடி 3 இஞ்ச் வேண்டும். எல்லாவற்றையும் ஹாலிலிருந்தே பிடுங்கினால் ஹால் 9.5 சதுர மீட்டருக்குக் கீழே இறங்கிவிடும். சமையலறையில் ஓர் அடி எடுங்கள். 6 அடியாகும் சமையலறை 1.83 மீட்டர், விதித்தொகுப்பு கேட்கும் 1.8க்கு மயிரிழை மேலே. மீதி 3 இஞ்ச் ஹாலிலிருந்து. ஹால் 10 அடி 5 இஞ்ச் நீளத்தில் 10.2 சதுர மீட்டர். இரண்டும் தப்பித்தன. முற்றத்தின் வெளிச்சம் மட்டும் தப்பிக்கவில்லை. படிக்கு அடியில் சுவர் எழுப்பாமல் திறந்து விட்டால் சமையலறைக்குக் கொஞ்சமாவது போகும்.

7.8 இஞ்ச் ஏற்றம் பழைய வீட்டுக்குத்தான். விதித்தொகுப்பு 190 மி.மீ.க்கு மேல் (ஏழரை இஞ்ச்) ஏற்க மறுக்கும், பலகையும் 250 மி.மீ. கேட்கும். தலை முட்டுகிறதா என்று பார்க்க 70 மி.மீ. ஆளை ஒவ்வொரு படியிலும் நிறுத்துங்கள். படிக்கு மேல் 2.2 மீட்டர், மாதிரியில் 92 மி.மீ., காலியாக இருக்கவேண்டும். முட்டினால் மேல்தளத்து ஓட்டையை நீட்டுங்கள், படியைத் தொடாதீர்கள்.

அறிகுறி: சமையலறையும் குளியலறையும் அளவில் சரி, பார்த்தால் புழங்க முடியாதது போல் இருக்கிறது

சமையல் மேடை 2 அடி அகலம், 2 அடி 9 இஞ்ச் உயரம். முன்னால் நிற்க 3 அடி. ஆக 5 அடி போய், 6 அடி சமையலறையில் ஓர் அடிதான் மிச்சம். எதிர்ச் சுவரில் ஓர் அடி அலமாரிக்கு மேல் எதுவும் வராது, ஃபிரிட்ஜ் வந்தால் மேடை நீளத்தின் முடிவில்தான்.

4 அடிப் பின்கட்டைக் குளியலறை, கழிப்பறை என்று நாலரை இஞ்ச் சுவரால் பிரித்தால் ஒவ்வொன்றும் 5 அடிக்குச் சற்று மேல். இரண்டரை அடிக் கதவை வெளிப்பக்கம் திறக்க விடுங்கள். உள்ளே திறந்தால் ஆள் துண்டு நிற்க மூலைதான் கிடைக்கும். டிரம் துண்டு இங்கேதான் வேலைக்கு வரும்: வட சென்னை வீட்டைக் காட்டிவிட்டுத் தண்ணீர் டிரம்முக்கு 2 அடி விடாவிட்டால் இந்த ஊர்க்காரர் முதலில் அதைத்தான் கேட்பார். கைபம்பு வைப்பதானால் வாசலில் அதற்கும் 3 அடி சதுரம்.

அறிகுறி: சுவர்கள் மூலையில் சேரவில்லை, மாடி உட்காரவில்லை

இதற்குக் காரணம், ஓர் அறையை அளந்து, அது முடிந்த இடத்திலிருந்து அடுத்ததை அளப்பது. ஒவ்வொரு வெட்டிலும் அரை மி.மீ. பிசகினால் ஐந்தாவது அறையில் இரண்டரை மி.மீ., நிஜ வீட்டில் கிட்டத்தட்ட இரண்டரை இஞ்ச். எல்லாக் கோட்டையும் முன்சுவரின் வெளிமுனையைப் பூஜ்யமாக வைத்துக் குறியுங்கள்.

குறுக்குச் சுவர்கள் ஆறையும் 133.4 மி.மீ. என்ற ஒரே அளவில் வெட்டுங்கள். முதல் துண்டை அச்சாக வைத்து மற்றவற்றைக் குறிக்கவேண்டும், வெட்டிய துண்டிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று போகக்கூடாது. நீளச் சுவர் இரண்டும் முழு நீளம், குறுக்குச் சுவர்கள் நடுவே உட்காரும். மூலைக்கு மூலைமட்டம் வைத்து ஒட்டுங்கள். கடையில் 5 மி.மீ. என்று சொன்ன போர்டு சில நேரம் அவ்வளவு இருக்காது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் அட்டை வாங்குகிறவர்கள் தடிமன் அளக்கும் வெர்னியர் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், வீட்டுக்கு வேண்டிய எல்லாத் தாளையும் ஒரே கட்டிலிருந்து எடுப்பது நல்லது.

ஐப்பசி, கார்த்திகையில் வேலை செய்தால் இன்னொன்றும் சேரும். ஈரக்காற்றில் மவுண்ட் போர்டு உப்பும், ஃபெவிகால் ஒருபக்கம் மட்டும் பூசினால் வில்லாக வளையும். காசிமேட்டுப் பக்கம் கடலை ஒட்டிய வீட்டில் சொல்லவே வேண்டாம். இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டி, காயும்வரை புத்தகப் பாரம் வைக்கவேண்டும். சன்போர்டு என்ற பிளாஸ்டிக் அட்டை ஈரத்துக்கு அசையாது. ஆனால் அதில் ஃபெவிகால் சரியாகப் பிடிக்காது, ஃபெவிக்விக் வேண்டும்.

அறிகுறி: நடு அறைக்குள் கையும் போகவில்லை, கண்ணும் போகவில்லை

40 அடி வீட்டை முன்பக்கம் மட்டும் திறந்தால் ஹாலைத் தாண்டி எதுவும் தெரியாது. நீளச் சுவர் ஒன்றைக் கழற்றும்படி செய்யுங்கள். அசலில் அது அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர், ஜன்னலும் கிடையாது, கழற்றினால் எந்த வேலைப்பாடும் கெடாது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எந்த அறைக்கும் ஆழம் 133 மி.மீ.தான். குறுகிய வீட்டுக்கு இருக்கும் ஒரே சௌகரியம் இது. நடையை மட்டும் அந்தப் பக்கம் வைக்காதீர்கள், வைத்தால் படுக்கை அறைக்கு முன்னால் நடைச் சுவர் மறுபடி மறைக்கும்.

அறிகுறி: வீடு முடிந்தது, வெளியே எடுத்துப்போக முடியவில்லை

1:12இல் இந்த வீடு 12 × 40 இஞ்ச், அடிப்பலகை சேர்த்தால் 16 × 44. நேராகப் போகும். இரண்டரை அடி மாடிப்படியின் திருப்பத்தில் திரும்பாது, ஷேர் ஆட்டோவில் ஏறவே ஏறாது. முற்றத்துச் சுவரில் வீட்டை இரண்டாகப் பிரித்துச் செய்து, காந்தமோ மரக்குச்சியோ வைத்துச் சேர்க்கலாம். பிரிக்கும் இடத்தில் சுவர் இரண்டாகும் என்பதால் ஒவ்வொன்றும் பாதித் தடிமனில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் முதல் அறிகுறியிலேயே போய் நிற்போம்.